தொட்டவுடன் சுடாத செடிகள்

செந்தட்டி பட்ட கையை யாரும் இரண்டாம் முறை அந்தப் பக்கம் நீட்டுவதில்லை. வேலியிலும் புதரிலும் சுற்றிப் படரும் அந்த மெல்லிய கொடியின் இலை உரசிய கணத்தில் சுரீரென்று எரிகிறது. சில நிமிடங்களில் தோல் தடித்து வீங்குகிறது. ஆடு மேய்ப்பவருக்கும் விறகு பொறுக்கப் போகிறவருக்கும் அது எந்தச் செடி என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை, செடியே அறிவித்துவிடுகிறது. பெரும்பாலும் அன்று மாலைக்குள் வலியும் தடிப்பும் அடங்கிவிடும்.

மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மனிதரைப் படுத்துபவை வேறு செடிகள். தொடும்போது அவை எதுவும் செய்வதில்லை. இரண்டு நாள் கழித்து முகம் வீங்கும்போது, முந்தாநாள் எந்த மரத்தடியில் நின்றோம் என்று யாருக்கும் நினைவு வராது. உணவில் பழி விழும், சோப்பில் பழி விழும், பூச்சி கடித்திருக்கும் என்பார்கள். அதனால்தான், செடியால் வரும் தோல் பாதிப்பைப் புரிந்துகொள்ள நான் முதலில் பார்க்கச் சொல்வது இடைவெளியை: தொட்டதற்கும் தோல் பதில் சொன்னதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போயிற்று? அந்த இடைவெளி நொடிகளா, மணிகளா, நாட்களா என்பதைப் பொறுத்து உள்ளே நடக்கும் காரியம் முற்றிலும் மாறுகிறது. செய்ய வேண்டிய முதலுதவியும் மாறுகிறது.

நொடிகளில் தாக்குபவற்றில் தமிழகத்துச் சமவெளிக்காரர்கள் நன்கறிந்தது செந்தட்டிதான். சிறுகாஞ்சொறி என்றும் சொல்வார்கள். தாவரவியலில் ட்ராகியா இன்வோலுக்ரேட்டா, ஆமணக்கின் குடும்பம். அதன் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஓரத்திலும் நரம்புகளிலும் நுண்ணிய முடிகள் பளபளக்கும். அந்த முடிக்குள் கால்சியம் ஆக்ஸலேட் படிகம் ஒன்று கூராக நின்றுகொண்டிருக்கிறது. தோல் அழுத்தியதும் முடியின் நுனி உடைந்து, படிகம் வெளியே வந்து குத்துகிறது. படிகத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. முடிக்குள் இருக்கும் நச்சு நீர் அந்தப் பள்ளத்தின் வழியே காயத்துக்குள் இறங்குகிறது.

நீலகிரியின் ஈரமான காட்டோரங்களில் நிற்கும் ஜிரார்டினியா வேறு குடும்பம், வேறு கருவி. அதன் முடியின் நுனி கண்ணாடி போன்ற சிலிக்காவால் ஆனது. பட்டதும் நுனிக் குமிழ் சாய்வாக முறிந்து, முடியே ஊசியாகிவிடுகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பியக் காஞ்சொறியின் முடிநீரில், நம் உடலிலும் சுரந்து அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின், நரம்புகளைத் தூண்டும் அசிட்டைல்கோலின் ஆகியவை இருப்பதை 1947இல் எம்மெலின், ஃபெல்ட்பெர்க் என்னும் இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். எரிச்சலுக்கு எறும்பின் அமிலமான ஃபார்மிக் அமிலமே காரணம் என்று பள்ளிப் புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. அந்த அமிலம் முடிக்குள் மிகச் சிறிதளவே இருக்கிறது. ஆகவே அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு தடவுவது என்ற யோசனைக்கு அடிப்படை இல்லை. ஏற்கெனவே எரியும் தோலைச் சுண்ணாம்பு மேலும் பொத்துவிடும்.

இங்கே செய்ய வேண்டியது எளிது. தேய்க்கக் கூடாது. தேய்த்தால் தோலில் படுத்திருக்கும் உடையாத முடிகளும் உடைந்து குத்தும். ஒட்டுநாடாவை மெல்ல ஒட்டி எடுத்தால் முடிகள் அதோடு வந்துவிடும். பிறகு குளிர்ந்த நீர், ஈரத்துணி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வேலை பார்ப்பவர்கள் மட்டும் இன்னொன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மலையாளத்தில் ஆனவிரட்டி என்று சொல்லப்படும் டெண்ட்ரோக்னைடு செடியின் எரிச்சல் அன்று மாலையோடு முடிவதில்லை. நாட்கணக்கில் நீடிக்கும், தண்ணீர் படும்போதெல்லாம் திரும்ப எழும்பும்.

பூனைக்காலியின் கதை இன்னும் சுவையானது. தை, மாசியில் காய்கள் முற்றிக் காயும்போது, அவற்றைப் போர்த்தியிருக்கும் பழுப்பு நிறச் சுணை காற்றில் பறக்கத் தொடங்கும். கொடியைத் தொடாமலே, அதன் கீழே நடந்து போனவருக்குக் கழுத்தில் அரிப்பு எடுக்கும். பள்ளிக்கூடப் பெஞ்சில் அந்தச் சுணையைத் தூவிவிடும் விளையாட்டு ஊருக்கு ஊர் உண்டு. அது விளையாட்டல்ல, கண்ணில் பட்டால் வேதனை தாங்காது.

இந்தச் சுணையில் இருப்பது மியூகுனைன் என்னும் நொதி. புரதத்தை வெட்டும் நொதி அது. தோலின் நரம்பு நுனிகளில் இருக்கும் சில ஏற்பிகளை வெட்டித் திறந்து, நேரடியாக அரிப்பைத் தூண்டுகிறது. ஹிஸ்டமினுக்கு இந்த வழியில் பெரிய வேலையில்லை. வழக்கமான அலர்ஜி மாத்திரை போட்டும் பூனைக்காலி அரிப்பு அடங்காததற்குக் காரணம் இதுதான். மாத்திரை அடைக்கும் கதவு வேறு, அரிப்பு நுழைந்த கதவு வேறு. அரிப்பு என்பது வலியின் சிறிய வடிவம், எல்லா அரிப்பும் ஹிஸ்டமின் வழியே வருகிறது என்று நம்பப்பட்ட காலத்தில், அந்தக் கருத்தை அசைத்தவற்றில் இந்தச் சுணையும் ஒன்று. இன்றும் அரிப்பு எப்படி உண்டாகிறது என்று ஆராயும் ஆய்வகங்கள் தன்னார்வலர்களின் தோலில் பூனைக்காலிச் சுணையைத்தான் செருகிப் பார்க்கின்றன. நீரிழிவாலும் சிறுநீரகக் கோளாறாலும் வரும் தீராத அரிப்புகளுக்குப் புது மருந்து தேடுவோருக்கு நம் வேலிக் கொடி வழிகாட்டியிருக்கிறது.

இதற்கும் முதலுதவி அதேதான்: ஒட்டுநாடா, பிறகு தாராளமாகத் தண்ணீர், உடுத்தியிருந்த துணியை உடனே களைந்து தனியாகத் துவைப்பது. வியர்த்த உடம்போடு கையால் தேய்த்தால் சுணை இன்னும் ஆழமாகப் போகும்.

பால் வடியும் செடிகளோடு மணிக்கணக்கு இடைவெளி ஆரம்பமாகிறது. திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி ஆகியவற்றின் பாலில் உள்ள டைட்டர்பீன் எஸ்டர்கள் தோலை நேரடியாகவே அரிக்கின்றன. உடலின் ஒவ்வாமைக்கு இங்கே வேலையில்லை. யார் மேல் பட்டாலும், போதிய அளவு பட்டால் பொத்துப் போகும். வேலி வெட்டும்போது பால் தெறித்து, உடனே கழுவாமல் விட்டவர்களுக்குச் சில மணி நேரத்தில் சிவந்து, மறுநாள் கொப்புளம் போடும். அதே கையால் கண்ணைக் கசக்கினால் விழிப்படலம் புண்ணாகும்.

கண் விஷயத்தில் நான் அதிகம் அஞ்சுவது எருக்கம்பாலுக்குத்தான். காலில் தைத்த முள்ளை எடுக்க எருக்கம்பால் விடுவது இன்றும் கிராமங்களில் நடக்கிறது. விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் தெருவெங்கும் எருக்கம்பூ பறிக்கிறார்கள், குழந்தைகளும் பறிக்கிறார்கள். காம்பு ஒடிந்த இடத்தில் பால் சொட்டும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் துடிதுடிக்க வைக்கும். எருக்கம்பால் பட்டவருக்கோ பல நேரம் வலியே இருப்பதில்லை. பாலுக்கு மரத்துப்போகச் செய்யும் தன்மை உண்டு. அது விழிப்படலத்தை ஊடுருவி அதன் உள்ளடுக்குச் செல்களைத் தாக்கும். படலம் நீர் கோத்து வீங்கும். சில மணி நேரம் கழித்து பார்வை பனிமூட்டமாகும்போதுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும். வலிக்கவில்லையே என்று யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது. கண்ணை விரித்துப் பிடித்துக் குறைந்தது பதினைந்து நிமிடம் சுத்தமான நீர் ஓடவிட வேண்டும். அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம்.

நாட்கணக்கில் காத்திருந்து தாக்குவது சேங்கொட்டை. சேராங்கொட்டை என்றும் சொல்வோம். வறண்ட இலையுதிர் காடுகளில் வளரும் இம்மரத்தின் காய் விநோதமானது: ஆரஞ்சு நிறச் சதைப்பகுதி மேலே, அதன் நுனியில் கறுத்துப் பளபளக்கும் இதய வடிவக் கொட்டை. கொட்டையின் ஓட்டுக்குள் எண்ணெய் போன்ற பிசின் இருக்கிறது. காற்றுப் பட்டதும் கறுக்கும், துணியில் பட்டால் எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. அந்தக் குணத்தைத்தான் சலவைத் தொழிலாளர்கள் பயன்படுத்தினார்கள். கொட்டைக்குள் ஊசியைச் செருகி எடுத்து, சட்டைக் காலரின் உட்புறம் வீட்டுக்கு ஒரு குறியாகப் புள்ளி வைப்பார்கள். குறி நிலைக்க அதன் மேல் சுண்ணாம்பு தடவுவார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிடரியிலும் இடுப்பிலும் காசளவு இடத்தில் மட்டும் கொப்புளம் கிளம்பியது. துணியைத் திருப்பிப் பார்த்த இராணுவ மருத்துவர்கள், கொப்புளம் இருந்த இடத்துக்கு நேரே சலவைக் குறி இருப்பதைக் கண்டார்கள். 1943இல் அமெரிக்க மருத்துவ இதழில் அது சலவைக்குறித் தோலழற்சி என்ற பெயரிலேயே பதிவானது. அந்தச் சிப்பாய்களில் பலருக்கு ஏன் அப்படி உடனே வந்தது என்பதற்கு விடை அவர்களுடைய ஊரில் இருந்தது. அமெரிக்கக் காடுகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் மண்டிக் கிடக்கும் பாய்சன் ஐவி என்ற கொடியில் உள்ள உருஷியால் என்ற பொருளும், சேங்கொட்டையில் உள்ள பிலாவனால் என்ற பொருளும் வேதியியலில் உடன்பிறப்புகள். ஒன்றுக்குப் பழகிய உடல் மற்றதையும் எதிரியாகவே பார்க்கும்.

பழகிய உடல் என்று நான் சொல்வதை விளக்கிவிட வேண்டும். இந்தக் கட்டுரையின் மையம் அதுதான். இந்தப் பிசின்களின் மூலக்கூறு மிகச் சிறியது. நோயெதிர்ப்பு அமைப்பு அதைத் தனியாகக் கண்டுகொள்வதில்லை. அது தோலில் ஊறி, நம்முடைய புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்போதுதான் அந்தக் கூட்டு அந்நியமாகத் தெரிகிறது. மேல்தோலில் காவல் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதைப் பிடித்து அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கே டி செல்கள் என்னும் வெள்ளையணுக்களில் ஒரு பிரிவு அதற்கென்றே தயாராகிறது. முதல் முறை இதற்கு ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாட்கள் பிடிக்கும். அப்போது தோலில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. அடுத்த முறை அதே பிசின் துளி பட்டால், நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அந்த இடத்தில் குவிந்து, செடி தொட்ட தோலைத் தாங்களே தாக்குகின்றன. கொப்புளத்தை உண்டாக்குவது செடியின் நஞ்சைவிட, நம் உடலின் பதில்தான். ஆகவேதான் ஒரே மரத்தடியில் வேலை செய்த நால்வரில் ஒருவருக்கு முகம் வீங்குகிறது, மற்ற மூவருக்கு ஒன்றும் இல்லை. பத்தாண்டுகள் ஒன்றும் ஆகாமல் இருந்தவருக்குப் பதினோராம் ஆண்டு வரவும் கூடும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புலப்படும். கொப்புளத்து நீர் பட்டு மற்றவருக்குப் பரவாது. அந்த நீரில் பிசின் இல்லை; அது உடலில் ஊறும் நீர். ஆனாலும் நோயாளிக்குத் தினமும் புதுப்புது இடங்களில் கிளம்புவதுபோல் தெரிகிறதே என்றால், தோல் தடித்த இடத்தில் தாமதமாகவும் மெல்லிய இடத்தில் விரைவாகவும் வெளிப்படுவது ஒரு காரணம். நகக்கண்ணிலும் துண்டிலும் அரிவாள் பிடியிலும் ஒட்டிய பிசின் மறுபடி மறுபடி படுவது இன்னொரு காரணம். வீட்டில் ஒருவருக்கு வந்தால் தட்டையும் பாயையும் ஒதுக்கி வைப்பதில் பொருளில்லை. அரிவாளைக் கழுவுவதில் பொருள் இருக்கிறது.

இன்னொன்று, கழுவுவதற்கான நேரம் மிகக் குறைவு. பிசின் தோலோடு பிணைய நிமிடங்களே போதும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சோப்பு போட்டுத் தாராளமான நீரில் கழுவிவிட்டால் பாதிப்பு வெகுவாகக் குறையும். அரை மணிக்கு மேல் போய்விட்டால் கழுவுவதால் கிடைக்கும் நன்மை வேகமாகச் சுருங்குகிறது. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் எரிச்சல் இல்லை, சிவப்பு இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. மரத்தை அடையாளம் தெரிந்தவர் மட்டுமே கழுவுவார். செடியறிவு மருந்தாகவே ஆகிவிடுகிற இடம் இது.

குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் சேரு மரம் பட்டு உடம்பு தடித்தவர்களைத் தான்றி மரத்திடம் அனுப்பும் வழக்கம் உண்டு. மரத்தைச் சுற்றி வணங்குவார்கள். அதன் இலைச் சாற்றைப் பூசுவார்கள். சேரும் சேங்கொட்டையும் ஒரே குடும்பம். இந்த வழக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். சேரு இன்னதென்று ஊரே அறிந்து வைத்திருந்ததற்கு அது சான்று. ஒவ்வாமைத் தடிப்பு எதையும் பூசாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறும் என்பதால், எதைப் பூசினாலும் பலித்ததுபோல் தோன்றும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதே குடும்பத்தில் முந்திரியும் மாவும் இருக்கின்றன. பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருப்பவர்களுக்கு ஓட்டு எண்ணெய் என்ன செய்யும் என்று தெரியும். சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருகிறார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்து, உரிந்து, ரேகை மழுங்குகிறது. அந்த எண்ணெயில் உள்ள கார்டால், அனகார்டிக் அமிலம் ஆகியவை நேரடியாகவும் அரிக்கும், ஒவ்வாமையும் உண்டாக்கும். மாங்காய்க் காம்பிலிருந்து தெறிக்கும் பால் உதட்டோரத்தைப் பொத்தவைப்பதும் இந்த உறவினால்தான். அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களுக்கு ஒரு செய்தி: கொல்லைப்புறத்துப் பாய்சன் ஐவிக்கு ஒருமுறை உடல் பழகிவிட்டால், அதுவரை ஒன்றும் செய்யாத மாம்பழத் தோல் வாயைச் சுற்றித் தடிப்பு உண்டாக்கலாம். தோலைச் சீவி, கையைக் கழுவிவிட்டுச் சுளையாகச் சாப்பிட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. இக்குடும்பத்து மரங்களை எரிக்கக் கூடாது என்பதும் முக்கியம். புகையோடு பிசின் துகள் மூச்சுக்குழாய்க்குள் போனால் அங்கேயும் இதே அழற்சி நடக்கும்.

இனி ஆண்டுக்கணக்கில் படுத்தும் செடிக்கு வருகிறேன். பார்த்தீனியம் நம்முடையதல்ல, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தது. 1950களின் நடுவில் புனேயில் கவனிக்கப்பட்டது. பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் இறக்குமதியான கோதுமையோடு விதை வந்தது என்பது பரவலான நம்பிக்கை. அதன் பிறகு அது பரவாத மாவட்டம் இல்லை: ரயில் பாதை ஓரம், காலிமனை, பள்ளி மைதானம், தரிசு நிலம். ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். ஆடு மாடு விரும்பித் தின்னாது. இலங்கையில் 1990களின் இறுதியில் வவுனியாவில் அது அடையாளம் காணப்பட்டது; 1987இல் வந்த இந்திய அமைதிப்படையின் சரக்குகளோடு வந்திருக்கலாம் என்பது அங்கே பலரும் சொல்வது. பிறகு வடக்கு எங்கும் தோட்டக்காணிகளில் தொல்லையாகிவிட்டது.

இந்தச் செடியின் இலையிலும் தண்டிலும் பூவிலும் இருக்கும் நுண்முடிகளில் பார்த்தீனின் என்ற பொருள் இருக்கிறது. செஸ்குவிடர்பீன் லாக்டோன் வகையைச் சேர்ந்தது. சேங்கொட்டையைப் போலவே இதுவும் டி செல்கள் வழியாகத்தான் தாக்குகிறது. ஆனால் தொட வேண்டிய அவசியமே இல்லை. செடி காய்ந்து உதிரும்போது முடிகளும் தூளும் காற்றில் மிதக்கின்றன. பச்சைச் செடியைவிடக் காய்ந்த செடி பாதுகாப்பானது என்று நினைத்துவிட வேண்டாம்.

1970களில் புனே பகுதியில் தோல் மருத்துவர்கள் இதை நோயாகப் பதிவு செய்யத் தொடங்கியபோது, நோயாளிகளில் பெரும்பாலானோர் திறந்தவெளியில் உழைக்கும் நடுவயது ஆண்கள். தொடக்கத்தில் மழைக்காலத்தில் மட்டும் முகத்தில் அரிப்பு எடுக்கும். செடி காய்ந்து ஒழியும் மாதங்களில் அடங்கும். சில ஆண்டுகளில் அடங்கும் காலம் குறுகி, ஆண்டு முழுவதும் நீடிக்கும். நெற்றி தடித்து மடிப்புகள் விழும். இமைகள் கனத்துத் தொங்கும். கழுத்தின் பக்கவாட்டிலும் முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறத்திலும் தோல் கறுத்து, மரப்பட்டை போலச் சொரசொரப்பாகும். இரவு தூக்கம் போகும். வயலுக்குப் போகாமல் இருந்தால் வருமானம் இல்லை, போனால் நோய்.

அனுபவமுள்ள மருத்துவர் இப்படிப்பட்டவரை எப்படிப் பார்க்கிறார் என்பதைச் சொல்கிறேன். வெயிலால் வந்த ஒவ்வாமையும் முகத்தில்தான் வரும். ஆனால் வெயில் படாத இடங்கள் தப்பித்துவிடும்: மேலிமையின் மடிப்பு, காதுக்குப் பின்புறம், தாடைக்குக் கீழே. காற்றில் வரும் தூளுக்கு நிழல் கிடையாது. அது மடிப்புகளில்தான் தங்கும். ஆகவே மருத்துவர் காதை மடக்கிப் பார்ப்பார், தாடையை உயர்த்திப் பார்ப்பார். அங்கேயும் தடித்திருந்தால் சந்தேகம் செடிப் பக்கம் திரும்பும். நாட்பட நாட்பட, பார்த்தீனிய நோயாளிகள் சிலருக்கு வெயிலும் ஒத்துக்கொள்ளாமல் போய், இரண்டும் கலந்துவிடும். அப்போது பிரித்தறிவது கடினம்.

உறுதி செய்ய ஒட்டுச் சோதனை இருக்கிறது. சிறு கிண்ணங்களில் ஐயத்துக்குரிய பொருள்களை மிகக் குறைந்த அளவில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு ஓரிரு நாளில் மீண்டும் பார்ப்பார்கள். தாமதமாக வரும் ஒவ்வாமைக்குத் தாமதமாகத்தானே சோதனை முடிவும் வரும். இந்தியாவில் பயன்படுத்தும் பொருள் வரிசையில் பார்த்தீனியமும் இடம் பெற்றிருக்கிறது. நோயாளிகள் பலரும் கேட்பது இரத்தப் பரிசோதனை. இந்த வகை ஒவ்வாமையை வழக்கமான இரத்த அலர்ஜிப் பரிசோதனை காட்டித் தராது. வீட்டிலேயே செடியைக் கசக்கித் தோலில் கட்டிப் பார்ப்பதோ ஆபத்து: அதுவரை இல்லாத ஒவ்வாமையை அதுவே தொடங்கி வைக்கலாம்.

சூரியகாந்திக் குடும்பத்துச் செடி என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. பார்த்தீனினுக்குப் பழகிய உடல், இதே குடும்பத்தின் சாமந்தி, சூரியகாந்தி, மருளூமத்தை ஆகியவற்றுக்கும் எதிர்வினை காட்டலாம். பூக்கட்டும் தொழிலாளிக்கு விரல் நுனியில் வெடிப்பும் அரிப்பும் வந்தால், சாமந்தியை மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடக் கூடாது. வீட்டுப் பக்கத்தில் பார்த்தீனியம் மண்டியிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

சிகிச்சை இருக்கிறது. ஸ்டீராய்டு களிம்பு, தேவைப்பட்டால் குறுகிய காலம் மாத்திரை, நீடித்த நோய்க்கு அசதியோப்ரின் போன்று எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து. கடைசியாகச் சொன்னதை இரத்தப் பரிசோதனைகளோடு மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க முடியும். என்னை வருத்துவது களிம்பு விற்கப்படும் விதம். அரிப்பு என்று சொன்னதும் மருந்துக் கடையில் கொடுத்துவிடும் கூட்டுக் களிம்புகளில் பெரும்பாலும் வலிமையான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. போட்டதும் இரண்டு நாளில் அரிப்பு நிற்கும்; நிறுத்தியதும் இரட்டிப்பாக வரும்; மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் தெரியும். 2018இல் மத்திய அரசு இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைகளில் இன்னும் அந்த மாற்றம் முழுதாகத் தெரியவில்லை. நாட்டு வைத்தியம் என்று பூண்டை நசுக்கிக் கட்டுவதும் கொடிவேலி வேரை அரைத்துப் பூசுவதும் இதைவிடக் கேடு. இரண்டுமே ஆரோக்கியமான தோலையே பொத்திவிடும் தன்மை கொண்டவை.

நம் நிறத்துக்குரிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். சிவந்து போகும் என்று பாடநூல்கள் எழுதுவது வெளுத்த தோலைப் பார்த்து எழுதியது. மாநிறத்திலும் கருநிறத்திலும் அழற்சி ஊதாவாக, அடர்ந்த கறுப்பாக, சில நேரம் நிறமே மாறாமல் தடிப்பாக மட்டும் தெரியும். சிவப்பைத் தேடினால் தவறவிடுவோம். விரலால் தடவித் தடிப்பையும் சூட்டையும் பார்க்க வேண்டும். ஆறிய பிறகு கருந்திட்டு பல மாதங்கள் இருக்கும். அது நோய் மிச்சமிருப்பதன் அடையாளமல்ல, அதை நீக்க வெளுப்புக் களிம்பு தேவையும் இல்லை.

பார்த்தீனியச் செடியை ஒழிப்பது பற்றி நிறைய பேசப்பட்டிருக்கிறது. மெக்ஸிகோவிலிருந்து கொண்டுவந்த சைகோகிராமா வண்டை 1984இல் பெங்களூரில் வெளியே விட்டார்கள். மழைக்காலத்தில் சில இடங்களில் இலையை மொட்டையடிக்கிறது, எல்லா இடங்களிலும் அல்ல. பயிரில்லாத நிலத்தில் 15 முதல் 20 சதவீத உப்புக் கரைசல் தெளிக்கலாம். ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. அந்த வாரத்தில் பள்ளிப் பிள்ளைகளை வெறுங்கையோடு செடி பிடுங்க நிறுத்தும் படங்கள் நாளிதழ்களில் வரும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒவ்வாமை தொடங்குவதே திரும்பத் திரும்பத் தொடுவதால்தான். இன்று ஒன்றும் ஆகாத பிள்ளைக்கு அதன் விளைவு இருபது ஆண்டுகள் கழித்துத் தெரியலாம்.

நூறு நாள் வேலையில் வாய்க்கால் கரையையும் சாலையோரத்தையும் சுத்தம் செய்யும் பெண்களும், நகராட்சித் தூய்மைப் பணியாளர்களும்தான் இதை ஆண்டு முழுவதும் பிடுங்குகிறார்கள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பிடுங்குகிறார்கள். பிறகு அதே முந்தானையால் முகத்து வியர்வையைத் துடைக்கிறார்கள். இவர்களுக்கு வேண்டியவை விலை அதிகமானவை அல்ல: முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கு வாய் மூடும் துணி, வேலையிடத்திலேயே சோப்பும் தண்ணீரும். பூ விடுவதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்கினால் வேரோடு வரும், தூளும் பறக்காது. பிடுங்கியதை எரிக்காமல் குழியில் போட்டு மூட வேண்டும். யாருக்காவது இமையில் அரிப்பு தொடங்கினால் அவரை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். ஊதியத்தைக் குறைக்காமல் மாற்ற வேண்டும். குறையும் என்று தெரிந்தால் அவர் அரிப்பைச் சொல்லவே மாட்டார்.